உளுந்துக்கு வாசனை எண்ணெய் அடித்தேன், இலை கருகிவிட்டது. எங்கே தவறு?

காவிரிக்கரை | பிப்ரவரி 24

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒன்பது மா, அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர் நிலம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால் ஆடுதுறை 3 ரக உளுந்து விதை தெளித்தேன். செடி நன்றாகத்தான் வந்தது. பூவெடுக்கும் நேரத்தில் கொழுந்தெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அடையாக ஏறிவிட்டது.

வேப்பெண்ணெய் வாங்கத்தான் டவுனுக்குப் போனேன். கடையில் "அதைவிட இது வேகமாகக் கேட்கும்" என்று வேறொரு பாட்டிலைக் கொடுத்தார்கள். கிராம்பு எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய், நீலகிரித் தைலம் மூன்றும் சேர்ந்த கலவை. நூறு சதவீதம் இயற்கை என்று மேலே போட்டிருந்தது. லிட்டருக்கு 10 மில்லி ஊற்றச் சொன்னார்கள். காலை பதினொரு மணி வாக்கில் கைத்தெளிப்பானில் அடித்தேன்.

மறுநாள் அசுவினி கொட்டிக் கிடந்தது. மனசு நிறைந்துபோய் வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் போனால் அசுவினி பழையபடி ஏறியிருக்கிறது. அதைவிட வேதனை, பல இடங்களில் இலை தீய்ந்து பழுப்பாகிவிட்டது. வயல் முழுக்க இல்லை, அங்கங்கே பட்டை பட்டையாக.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. போன வருடம் எடுத்து வைத்த விதை உளுந்து மார்கழியில் திறந்து பார்த்தபோது பாதிக்குமேல் ஓட்டை. இந்த எண்ணெயை விதைக்குப் பயன்படுத்தலாமா?


மொட்டைமாடி | பிப்ரவரி 24

அண்ணா, சென்னையில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். நானும் இப்படி ஒரு எண்ணெயைச் செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு அடித்தேன். பூச்சி போனது, மொட்டும் உதிர்ந்தது. இயற்கைப் பொருள்தானே, செடியை என்ன செய்துவிடும் என்று நினைத்துவிட்டேன். யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய கரும்பலகை | பிப்ரவரி 25

காவிரிக்கரை தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். கருகின பட்டைகள் ஒவ்வொரு டேங்கின் கடைசித் தண்ணீர் விழுந்த இடங்களா?


காவிரிக்கரை | பிப்ரவரி 25

ஐயா, இப்போதுதான் வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நீங்கள் சொன்னது அப்படியே சரி. டேங்க் தீர்ந்து கரைக்கு ஏறுகிற இடங்களில்தான் கருகியிருக்கிறது. இங்கே வந்து பார்த்த மாதிரி சொல்கிறீர்கள்!


பழைய கரும்பலகை | பிப்ரவரி 25

முப்பது வருடம் பூச்சியியல் பாடம் எடுத்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் தண்ணீரோடு சேராது. நீலகிரித் தைலமும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் மிதக்கும். கிராம்பு எண்ணெய் தனியாக இருந்தால் தண்ணீரில் மூழ்கும், ஆனால் கலவையில் மற்ற இரண்டும் அதையும் சேர்த்து மேலே தூக்கிவிடும். தெளிப்பான் அடியிலிருந்துதானே உறிஞ்சுகிறது? முதலில் லேசாகக் கலங்கின தண்ணீர் வரும், மிதந்த எண்ணெயெல்லாம் கடைசி ஒரு லிட்டரில் வரும். லிட்டருக்கு 10 மில்லி என்று நீங்கள் கணக்குப் போட்டாலும், அந்தக் கடைசிப் பட்டையில் விழுந்தது அதைப்போலப் பல மடங்கு. கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜெனால் என்ற பொருள். அது இலையின் செல்சுவரைத் தாண்டி உள்சவ்வையே உடைக்கும். அமெரிக்காவில் கிராம்பு எண்ணெயை இயற்கைக் களைக்கொல்லியாகவே விற்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பதினொரு மணி வெயிலில் பூக்கிற உளுந்தின் மேல் அடித்திருக்கிறீர்கள்.

சரி, அசுவினி ஏன் விழுந்தது? பூச்சியின் உடம்பில் ஆக்டோபமைன் என்று ஒரு பொருள் ஓடுகிறது. நமக்கு அட்ரினலின் செய்கிற வேலையைப் பூச்சிக்கு அது செய்கிறது. ஓட்டம், பறப்பு, படபடப்பு எல்லாம் அதன் கையில். யூஜெனால் மாதிரிப் பொருட்கள் அது உட்காரவேண்டிய இடத்தில், அதாவது அதன் ஏற்பிகளில், போய் உட்கார்ந்துகொள்ளும். பூச்சிக்கு நடுக்கம் எடுக்கும், கால் பின்னும், விழுந்துவிடும். நமக்கும் ஆடு மாட்டுக்கும் அந்த ஏற்பிகள் கிடையாது. இந்த எண்ணெய்களை உலகம் முழுக்க ஆர்வமாகப் பார்ப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். 1996லேயே அமெரிக்காவில் கிராம்பு, சிட்ரோனெல்லா, ரோஸ்மேரி, புதினா வகை எண்ணெய்களுக்கு வழக்கமான பூச்சிக்கொல்லிப் பதிவிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் ஏன் மூன்றாம் நாள் திரும்பி வந்தது? வாசனை வருகிறது என்றாலே பொருள் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது மூக்குக்கு வந்து சேருகிற வேகத்தில் இலையை விட்டும் போகிறது. மாசி வெயிலில் திறந்த வயலில் ஒரு நாள் தாங்கினால் அதிகம். இலைக்கு அடியில் ஒளிந்திருந்த நாலு அசுவினி போதும், அது ஆண் துணை இல்லாமலே குட்டி போடும், ஒரு வாரத்தில் கொழுந்து நிறைந்துவிடும்.

எனவே என் கருத்து இதுதான்: இந்த எண்ணெய்களின் பலம் ஆவியில் இருக்கிறது. ஆவி வெளியே போக முடியாத இடத்தில் வைத்தால் வேலை செய்யும். திறந்த வயலில் தெளித்தால் காசுதான் காற்றில் போகும். உங்கள் இரண்டாவது கேள்வி, அதாவது விதை டின், அங்கேதான் இதற்கு உண்மையான இடம்.


கோத்தகிரி மேடு | பிப்ரவரி 25

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்பா காலத்திலிருந்து நீலகிரித் தைலம் காய்ச்சுகிறோம். இலையை டிரம்மில் அடைத்து நீராவி ஏற்றினால் ஆவியோடு சேர்ந்து எண்ணெயும் குழாய் வழியாக வரும். குளிர்ந்த தண்ணீரில் சுருள் குழாய் கிடக்கும், அதில் ஆறி இறங்கி எண்ணெய் மேலே தனியாக நிற்கும். நூறு கிலோ பச்சை இலை போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும். எலுமிச்சைப்புல்லில் அதில் பாதிகூட வராது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவு இலை, இவ்வளவு விறகு செலவழித்து எடுக்கிற எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு நிழலில் வையுங்கள். சுத்தமான தைலம் கறை இல்லாமல் பறந்துவிடும். எண்ணெய்ப் பசையாக வட்டம் நின்றால் சமையல் எண்ணெயோ மினரல் எண்ணெயோ கலந்திருக்கிறது. செயற்கையாகச் செய்த வாசனைப் பொருள் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேப்பெண்ணெய் இந்த வகையே இல்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அது செக்கில் ஆட்டி எடுப்பது, பறக்காது. வேலை செய்யும் விதமும் வேறு.


பழைய கரும்பலகை | பிப்ரவரி 25

சரியாகச் சொன்னீர்கள். வேம்பில் இருக்கிற அசாடிராக்டின் பூச்சியை உடனே தள்ளாது. தின்ன விடாது, புழு தோல் உரிக்க விடாது. அதனால்தான் அடித்த மறுநாள் பார்க்கிறவர்களுக்கு "வேலை செய்யவில்லை" என்று தோன்றும். காவிரிக்கரை தம்பி போன காரியம் சரியானது. 3 சதவீத வேப்பெண்ணெய், அதாவது லிட்டருக்கு 30 மில்லி, காதி சோப்புக் கரைசலில் நன்றாக அடித்துக் கலந்து மாலையில் தெளித்திருந்தால் இந்தக் கருகல் வந்திருக்காது. இப்போதும் தாமதம் இல்லை. ஆனால் இலை தேற ஒரு வாரம் கொடுத்துவிட்டு அடியுங்கள்.


தேனீப்பெட்டி | பிப்ரவரி 26

மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். அந்தக் கலவையில் எலுமிச்சைப்புல் எண்ணெய் இருக்கிறது என்று படித்ததும் பகீரென்றது. கூட்டம் பிரிந்து போகிற தேனீயைப் பிடிக்க வெறும் பெட்டிக்குள் நாங்கள் வைப்பதே அந்த எண்ணெயில் இரண்டு சொட்டுதான். வேலைக்காரத் தேனீ "இங்கே வாருங்கள்" என்று மற்றவற்றைக் கூப்பிட வயிற்று நுனியிலிருந்து ஒரு வாசனை விடும். சிட்ரால், ஜெரானியால் என்ற பொருட்கள் அந்த வாசனையில் இருக்கின்றன. எலுமிச்சைப்புல்லிலும் அவை இருக்கின்றன. பூவெடுத்த உளுந்தில் அதை அடித்தால் தேனீயைக் கூப்பிட்டு வைத்துக் கிராம்பை ஊட்டுகிற கதை ஆகிவிடும். தயவுசெய்து பூ நேரத்தில் வேண்டாம்.

எண்ணெயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இத்தாலியத் தேனீயைத் தாக்கும் வரோவா உண்ணிக்கு ஓமத்தில் இருக்கிற தைமாலைத்தான் உலகம் முழுக்கப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அதுவும் மூடின பெட்டி என்பதால்தான் பலிக்கிறது. ஐயா சொன்ன கணக்கு அங்கேயும் ஒத்துப்போகிறது.


கறுவாத்தோட்டம் | பிப்ரவரி 26

வணக்கம் அண்ணை. இலங்கையிலிருந்து. நாங்கள் இலவங்கப்பட்டையைக் கறுவா என்போம். கறுவா இலையிலிருந்து எடுக்கிற எண்ணெயிலும் பெரும்பங்கு யூஜெனால்தான், பட்டையில் எடுப்பது வேறு, அதில் சினமால்டிஹைடு அதிகம். 2021இல் இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் ஒரேயடியாகத் தடை வந்தபோது எங்கள் பக்கத்தில் பலர் இலை எண்ணெயை மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தெளித்துப் பார்த்தார்கள். வேறு வழியில்லாத நேரம் அது. என் மிளகாய்க் கன்றுகளும் இதே மாதிரிக் கருகின. அந்த வருட இழப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும். நல்ல பொருளைக்கூடப் பயிற்சி இல்லாமல், அவசரத்தில், தவறான இடத்தில் இறக்கினால் அந்தப் பொருளின் மேலேயே சனத்துக்கு நம்பிக்கை போய்விடும். எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.


மொட்டைமாடி | பிப்ரவரி 26

வீட்டுக்குள் அரிசி டின்னில் வைக்கலாமா? எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது, சின்னப் பிள்ளையும் இருக்கிறாள்.


பழைய கரும்பலகை | பிப்ரவரி 26

சாப்பிடுகிற அரிசியில் தைலம் வேண்டாம் அம்மா. வாசனை அரிசிக்குள் ஏறும், சோற்றிலும் போகாது. காய்ந்த வேப்பிலை, வற்றல் மிளகாய், நல்ல வெயில், இறுக்கமான மூடி, அதுவே போதும். நீலகிரித் தைல பாட்டிலைப் பிள்ளை கையில் எட்டாமல் வையுங்கள். கொஞ்சம் குடித்தாலே வலிப்பு வரும். பூனையின் ஈரலுக்கு இந்த மாதிரிப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. அது புழங்குகிற இடத்தில் தெளிக்கவே தெளிக்காதீர்கள்.


நாட்டுவிதை அக்கா | பிப்ரவரி 27

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் பாட்டிலில் வருகிற எண்ணெயைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் வீடுகளில் அந்த எண்ணெய் கிழங்குக்குள்ளும் இலைக்குள்ளும் இருந்தபடியே வேலை செய்திருக்கிறது. நொச்சி இலையைக் காயவைத்துப் பத்தாயத்தில் அடுக்குக்கு அடுக்கு போடுவார்கள். துவரைக்குச் செம்மண் கட்டுவார்கள். பயறு விதைக்கு வசம்பு. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வசம்புப் பொடி, கையால் பிசறி, மண்கலயத்தில் போட்டு வாயைச் சாணி மெழுகி மூடினால் அடுத்த பட்டம் வரை வண்டு எட்டிப் பார்க்காது. என் மாமியார் இருந்தவரை கடையில் விதை வாங்கினதே இல்லை. நானும் இன்றுவரை வாங்கியதில்லை.

பாட்டிலில் அடைத்து இன்னொருவர் விற்றால்தான் அறிவியலா? வசம்பும் அதே ஆவி எண்ணெய்தானே?


பழைய கரும்பலகை | பிப்ரவரி 27

அதே ஆவி எண்ணெய்தான் அக்கா. உங்கள் கோபம் நியாயம். வசம்புப் பொடியை வேளாண்மைப் பல்கலைக்கழகமே விதைக்குப் பரிந்துரைக்கிறது, அளவும் நீங்கள் சொன்னதேதான். கிழங்கை அப்படியே பொடித்துப் போடுவதில் ஒரு நன்மையும் இருக்கிறது: எண்ணெய் செல்லுக்குள் அடைந்து கிடப்பதால் மெதுவாக வெளியேறும். இன்றைக்கு ஆய்வகங்களில் நுண்ணுறைக்குள் எண்ணெயை அடைத்து மெல்ல மெல்ல விடுவதற்கு அரும்பாடு படுகிறார்கள். கிழங்கு அதைத் தானே செய்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் படித்த படிப்புக்குத் துரோகம். நம் நாட்டு வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் அதிகம். எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது குடலில் கட்டி வந்தது. 1968இல் அமெரிக்கா உணவில் வசம்பைத் தடை செய்ததும் அதனால்தான். ஐரோப்பாவில் விளைகிற வசம்பில் அது குறைவு, நம் வசம்பில்தான் மிகுதி. விதைக்குத் தாராளமாகப் போடுங்கள். சமைக்க வைத்திருக்கும் பருப்பில் போடாதீர்கள். வசம்பு கலந்த விதை மீந்தால் கழுவிச் சமைப்பதும் வேண்டாம்.


நாட்டுவிதை அக்கா | பிப்ரவரி 27

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர். ராத்திரியில் "வசம்பு" என்று பெயர் சொல்லக்கூடக் கூடாது, "பேர் சொல்லாதது" என்றுதான் கேட்க வேண்டும். அவ்வளவு மரியாதை வைத்த பொருள். விதைக் கலயத்துக்கு வேறு, அடுப்படிக்கு வேறு என்று இன்று முதல் தனியாக எழுதி ஒட்டிவிடுகிறேன். சொன்னதற்கு நன்றி ஐயா.


காவிரிக்கரை | பிப்ரவரி 28

ஐயா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பதிவு எண் இல்லை, நச்சின் அளவைக் காட்டும் எந்த நிற முக்கோணமும் இல்லை, எந்தப் பயிருக்கு எவ்வளவு என்றும் இல்லை.


பழைய கரும்பலகை | பிப்ரவரி 28

பூச்சிக்கொல்லி என்று சொல்லி விற்றால் 1968ஆம் வருடச் சட்டப்படி மத்தியப் பதிவு எண் இருக்க வேண்டும். இயற்கையானது என்பதால் விலக்கு கிடையாது. இனிமேல் அதை முதலில் பார்த்து வாங்குங்கள்.

விதைக்கு வருவோம். பயறு வண்டு டின்னில் பிறப்பதில்லை, வயலிலிருந்தே வருகிறது. காய்ந்த நெற்றின் மேல் முட்டை ஒட்டிவிடும். நீள்வட்டமாக, வெள்ளையாக, குண்டூசித் தலையைவிடச் சிறிதாகத் தெரியும். புழு பொரிந்ததும் நேராக விதைக்குள் துளைத்துப் போய்விடும். உள்ளே தின்று, கூட்டுப்புழுவாகி, ஒரு மாதத்துக்குள் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். நீங்கள் பார்க்கிற ஓட்டை அது நுழைந்த வழி இல்லை, வெளியேறிய வழி. அதனால் சித்திரை வெயிலில் நன்றாக உலர்த்துங்கள், ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே வரட்டும். தைலத்தின் ஆவி வெளியே நடமாடும் வண்டைக் கொல்லும், விதைக்குள் இருக்கிற புழுவை அவ்வளவு சுலபமாகத் தொடாது.

நாலு டின்னில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் எதுவும் வேண்டாம். ஒன்றில் கிலோவுக்கு 10 மில்லி விளக்கெண்ணெய் பிசறுங்கள், அது முட்டைக்கு மூச்சு விடாமல் அடைக்கும். ஒன்றில் அக்காவின் வசம்பு. நாலாவதில் பஞ்சில் நீலகிரித் தைலம் நனைத்து, துணியில் கட்டி, மூடிக்கு அடியில் தொங்கவிடுங்கள், விதையில் படக்கூடாது. தானிய வண்டுக்கு வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் வாயு தூங்குகிற குடும்பத்தையே கொன்றிருக்கிறது.


காவிரிக்கரை | ஜூலை 19

மறந்துவிடவில்லை ஐயா. கருகின பட்டைகளில் காய் குறைவுதான், மற்ற இடங்களில் தேறிவிட்டது. விதைக்கு 35 கிலோ ஒதுக்கினேன். ஏப்ரல் கடைசியில் நாலு டின்னிலும் ஐந்தைந்து கிலோ போட்டேன், மீதியை விளக்கெண்ணெய் பிசறி வைத்தேன்.

எதுவும் போடாத டின்னைத் திறந்தபோது வண்டு மேலே ஏறி வந்தது. விளக்கெண்ணெய் டின்னில் முட்டை ஒட்டியிருக்கிறது, ஓட்டை இல்லை. வசம்பு டின்னில் செத்த வண்டு ஏழெட்டு, உயிரோடு எதுவும் கண்ணில் படவில்லை.

தைல டின்தான் எனக்குப் பாடம். பத்தாம் நாள் திறந்தேன், செத்த வண்டுகள் கிடந்தன. மூன்றாவது வாரம் புதிய வண்டுகள் நடமாடின. நீங்கள் சொன்ன அந்த உள்ளே இருந்த புழுக்கள்தான். மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் ஆவியும் போயிருக்கும். பஞ்சை மறுபடி நனைத்து, அதற்குப் பிறகு திறக்காமல் வைத்தேன். இப்போது நடமாட்டம் இல்லை.

ஒவ்வொன்றிலும் நூறு விதை எடுத்து ஈரச் சாக்கில் முளைக்க வைத்தேன். வண்டு தின்ற டின்னைத் தவிர மற்ற மூன்றிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தைல டின்னில் ஒருமுறை பஞ்சு அவிழ்ந்து கீழே விழுந்துவிட்டது. அது படிந்து கிடந்த இடத்து விதைகளைத் தனியாக வைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை.


பழைய கரும்பலகை | ஜூலை 20

முளைக்காத விதையைத் தனியாக வைத்துப் பார்த்தீர்களே, அதுதான் தம்பி ஆராய்ச்சி. சான்று விதைக்கு 75 சதவீத முளைப்பு வேண்டும். மார்கழியில் இன்னொரு முறை எண்ணிவிட்டுத் தெளியுங்கள். அதுவரை தைல டின்னை மூன்று வாரத்துக்கு ஒருமுறை நனைத்து உடனே மூடுங்கள். பஞ்சைத் துணியில் கட்டாமல், மூடியின் உள்பக்கம் ஒரு சின்ன டப்பாவில் ஓட்டை போட்டு அதற்குள் வையுங்கள், விழாது.


கோத்தகிரி மேடு | ஜூலை 20

அண்ணா, அடுத்த தடவை நனைக்க எங்கள் தைலத்தை அனுப்பி வைக்கிறேன். காசு வேண்டாம், முளைப்புக் கணக்கை மட்டும் இங்கே எழுதுங்கள்.


காவிரிக்கரை | ஜூலை 21

கட்டாயம் எழுதுகிறேன் தம்பி. நாட்டுவிதை அக்கா, வசம்புக் கிழங்கு நட ஈரமான வாய்க்கால் ஓரம் போதுமா? எங்கள் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் நிற்கிற மூலை ஒன்று சும்மா கிடக்கிறது.


நாட்டுவிதை அக்கா | ஜூலை 21

அந்த மூலைதான் அதற்கு வேண்டும் தம்பி. சேற்றில் நன்றாக வரும். ஆடி மழைக்கு நாலு கிழங்கு எடுத்து வைக்கிறேன்.